சட்டி உண்மை, போத்தல் பொய்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியால் போய், குருமண்வெளித் துறையில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறினால் வாவிக்கு அக்கரையில் மண்டூர். கந்தசுவாமி கோயிலுக்குப் பேர் போன ஊர். எங்களைப் போன்ற வியாபாரக் குடும்பங்களுக்கோ நெல்லும் எருமைத் தயிரும் வருகின்ற ஊர். வாப்பா காலத்திலிருந்து நாங்கள் தயிர் எடுத்த வீடு ஒன்று அங்கே உண்டு. சில வருடங்களுக்கு முன் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

பட்டியில் கறப்பது அண்ணனும் மூத்த மகனும். பாலைக் காய்ச்சி, சூடு பதமாக ஆறியதும் உறைமோர் விட்டுச் சட்டியில் ஊற்றுவது அக்கா. மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் மறுநாள் தயிர் கட்டியாக நிற்கும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. இதில் கள்ளம் செய்ய அதிகம் இடமில்லை. தண்ணீர் கலந்தால் தயிரே காட்டிக் கொடுத்துவிடும்.

அன்று தயிரோடு எனக்கு வைத்த பாணி கித்துள் பாணி அல்ல. கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த இளைய மகன் கொண்டு வந்த மேப்பிள் பாணி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு குடும்பத்தின் மேப்பிள் தோட்டத்தைப் பார்க்கப் போனானாம். பனி உருகத் தொடங்கும் மாதங்களில், இரவில் உறைகுளிரும் பகலில் சிறிது வெயிலும் இருந்தால்தான் மரத்தில் நீர் ஓடும். அடிமரத்தில் சின்னத் துளையிட்டு அந்த நீரை எடுப்பார்கள். அதில் சீனிச்சத்து நூற்றுக்கு இரண்டு அளவுதான். ஆகவே ஒரு லீட்டர் பாணிக்கு ஏறக்குறைய 40 லீட்டர் நீரைக் காய்ச்ச வேண்டும். துளையிடக் கூடிய பருமனுக்கு மரம் வளரவே நாற்பது வருடமளவில் ஆகும். பாட்டன் நட்டதைப் பேரன் காய்ச்சுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமது கித்துளோ பனையோ அவ்வளவு கஞ்சத்தனம் காட்டாது. ஏழெட்டு லீட்டர் பதநீர் இருந்தால் ஒரு லீட்டர் பாணி தேறும். (கள்ளு இறக்கும் மரத்தின் பாணி கூடுமா என்று சில சகோதரர்கள் கேட்பதுண்டு. முட்டியில் சுண்ணாம்போ, புளிப்பதைத் தடுக்கும் மரப்பட்டையோ இட்டு, புளிக்க முன் இறக்கிக் காய்ச்சுவதுதான் பாணி. மேலதிக விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள்.)

மகன் கதை முடிந்ததும், நான் எனது பங்குக்குக் கடையில் வாங்கி வந்திருந்த கித்துள் பாணிப் போத்தலை எடுத்து வைத்தேன். அண்ணன் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"காக்கா, இது சீனிப்பாணி. எங்கட சட்டி உண்மை, உங்கட போத்தல்தான் பொய்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏனென்றால் நானும் பத்து வருடம் கடை வைத்திருந்தவன். இப்படியான போத்தல்களை நானே எத்தனையோ விற்றிருக்கிறேன். காய்ச்சியவர் பெயர் இல்லை, திகதி இல்லை, ஒரு துண்டுக் கடதாசியில் கித்துள் மரப் படம் மட்டும். மொத்த வியாபாரி தந்த விலையைப் பார்த்தபோதே இது முழுக்கக் கித்துளாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தும் கேட்கவில்லை. "சனம் மலிவுச் சாமான்தானே கேட்கிறது" என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் எவ்வளவு பொய் என்பதை அந்தக் கனடாப் போத்தல் காட்டியது. அங்கேயும் மலிவுப் பாணி உண்டு. சோளப்பாகில் நிறமும் மணமும் சேர்த்துச் செய்வது. கடையில் பக்கத்திலேயே நிற்கும், ஏழையும் வாங்குவான். ஆனால் அதற்கு மேப்பிள் பாணி என்று பெயர் வைக்கச் சட்டம் விடாது. மேப்பிள் நீரை மட்டும் காய்ச்சி, 66 வீதத்துக்குக் குறையாத திண்மம் உள்ளதுதான் அந்தப் பெயருக்கு உரியது. மலிவையும் விற்கலாம், உயர்ந்ததையும் விற்கலாம். ஒன்றின் பெயரில் மற்றதை விற்க முடியாது. அவ்வளவுதான் விசயம்.

அங்கே எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. கியூபெக் மாகாண உற்பத்தியாளர் சங்கத்தின் சேமிப்புக் களஞ்சியத்திலிருந்து சுமார் 3,000 தொன் பாணி களவு போனது 2012ல் தெரிய வந்தது. திருடர்கள் சில பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். அந்தச் சங்கம் விதிக்கும் உற்பத்தி அளவுக் கட்டுப்பாட்டை வெறுக்கும் விவசாயிகளும் உண்டு. ஆனாலும் பாணியின் பெயரைக் காப்பாற்றியதால் அதற்கு ஒரு விலை நிற்கிறது.

நம்மிடம் பெயர் காக்கும் வழி இல்லாமல் இல்லை. உணவுச் சட்டம் 1980ம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் 2003ல் வந்தது. இலங்கைக் கறுவாவுக்கு 2022ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் உயிரைப் பணயம் வைத்துக் கித்துள் ஏறுகிறவரின் பாணி, சீனிப்பாகோடு அதே தட்டில் அதே பெயரில் நிற்கிறது. சீனிக்காரனோடு அவர் விலையில் எப்படிப் போட்டி போடுவார்? ஒன்றில் அவரும் கலக்க வேண்டும், அல்லது மரத்தை விட்டு இறங்க வேண்டும். பிள்ளைகள் ஏற மாட்டார்கள்.

இதில் நமது சமூகத்துக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. பெருநாளைக்கு வட்டிலப்பம் இல்லாத வீடு எது? அதற்குக் கித்துள் கருப்பட்டி வாங்குவதும் நாமே, ஊர் ஊராகக் கடை வைத்து விற்பதும் பெரும்பாலும் நாமே. ஆகவே நமது ஊர்களின் வர்த்தகர் சங்கங்கள் அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டிராமல் ஒரு தீர்மானம் எடுக்கலாம். சீனிப்பாணியைச் சீனிப்பாணி என்றே எழுதி விற்போம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. காய்ச்சியவரின் பெயரும் ஊரும் இல்லாத போத்தலைக் கித்துள் என்று தட்டில் வைக்க மாட்டோம். நல்ல பாணிக்குக் கேட்கும் விலையைக் கொடுத்து, வாங்குகிறவரிடம் காரணத்தைச் சொல்லி விற்போம். முதல் வருடம் விற்பனை குறையும், அதையும் மறைக்கத் தேவையில்லை.

மண்டூரிலிருந்து திரும்பிய வாரமே, பாணி விற்கும் கடைக்காரத் தம்பி ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தட்டில் இருந்த போத்தல்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதான் காக்கா. பெருநாள் முடியட்டும், பார்ப்பம்" என்றார்.