மணற்புழு கற்பிக்கும் பாடம்

பாலையைச் சோலையாக்குவது எஞ்ஞான்றும் நற்பணியே என்று நாம் எண்ணுகிறோம். அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட ‘டியூன்’ புதினம் இவ்வெண்ணத்தை அசைக்கிறது.

அப்புதினத்தின் அராக்கிஸ் என்னும் பாலைக்கோளில் மாபெரும் மணற்புழுக்கள் வாழ்கின்றன. இவற்றின் இளம்பருவ உயிர்கள் மண்ணடி நீரைச் சூழ்ந்து சிறைப்படுத்துகின்றன. அதனாலேயே நிலம் வறண்டு கிடக்கிறது. அவற்றின் கழிவும் நீரும் கலந்தே, மாந்தர் ஆயுளை நீட்டிக்கும் நறும்பொருள் விளைகிறது. முதிர்ந்த புழுவுக்கோ நீர் நஞ்சாகும்! எனவே நீர் பெருகின் புழு மடியும். புழு மடியின் நறும்பொருளும் இல்லை. தொடர்ந்து வந்த நூல்களில் பசுமை பரவப் பரவப் புழுக்கள் அருகிப்போகின்றன.

பாலையும் ஒரு முழுமையான வாழ்விடமே. அதனைக் குறையெனக் கருதித் திருத்தப் புகுவோர், அங்கு வாழும் உயிரின் எல்லாப் பருவங்களையும் முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.