அம்மாவின்ர கையில பிழை இல்லை

ஈஸ்ட் ஹாமிலயும் ஹரோவிலயும் கிளீனிங், கிச்சின் வேலை செய்யிற எங்கட அம்மாமாரின்ர கையைப் பாருங்கோ. சிவந்து, வெடிச்சுக் கிடக்கும். "என்ர தோல் அப்பிடி" எண்டு கிறீம் பூசிப்போட்டு அடுத்த ஷிஃப்டுக்குப் போவினம்.

வேலையில் தொடும் கெமிக்கலால் வரும் தோல் அழற்சி ஒரு தொழில்நோய். 2002ஆம் ஆண்டின் 'கொஷ்' விதிகளின்படி, தீங்கான பொருளை நீக்குவது அல்லது மாற்றுவதுதான் முதலாளி முதலில் பார்க்கவேண்டியது. கையுறை கடைசி வழி. ரப்பர் கையுறையே சிலருக்கு ஒவ்வாமை தரும்.

கட்டட வேலையில் இது நடந்தது. 2005இல் சிமெந்திலுள்ள குரோமியத்துக்குச் சட்டம் வரம்பு போட்டது. மாறியது சிமெந்து, மேசன்மாரின் தோல் அல்ல.

வேலையால் வந்ததென டொக்டர் எழுதித் தந்தால், முதலாளி அதை எச்.எஸ்.ஈ.க்கு அறிவிக்க வேண்டும். ஜிபியிடம் மொழிபெயர்க்கப் போறது நாங்கள்தானே? அம்மா என்ன வேலை செய்யிறா எண்டதை முதல்ல சொல்லுவம்.