வரலாற்றையும் வடிப்பதா?

இலண்டன் மாநகருக்குச் செல்லும் பயணிகள் அங்குள்ள அரண்மனைகளையும் பாலங்களையும் கண்டு வருவது பழைய வழக்கம். இற்றை நாளில் அவற்றோடு புதிய காட்சியொன்றும் சேர்ந்துள்ளது. சிறு வடிசாலைகளைப் போய்ப் பார்ப்பதே அது. 'சின்', 'இரம்' என்னும் தேறல்களைச் சிறு அளவிற் கைத்திறத்தால் வடிக்கும் கூடங்கள் அந்நகரில் பல தோன்றியுள்ளன. கட்டணம் செலுத்தினால் உள்ளே அழைத்துச் சென்று, செப்பு வாலையைக் காட்டி, மணப்பொருள்களை முகரத் தந்து, வடிக்கும் முறையை விளக்கி, முடிவில் சிறு கிண்ணங்களிற் சுவைக்கவும் தருவர். வந்தவர் மகிழ்ந்து, ஒரு குப்பியும் வாங்கிக்கொண்டு திரும்புவர்.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் போற்றும் தமிழர்க்கு இவ்விடத்தில் என்ன வேலை என்று ஒருவர் வினவலாம். குடிப்பது வேறு, காண்பது வேறு. ஒரு மக்களினத்தின் தொழில், வாணிகம், சட்டம், கடற்செலவு, கொடுமை ஆகிய அனைத்தும் ஒரு குப்பிக்குள் அடங்கிக் கிடக்குமானால், அதனைத் திறந்து பார்ப்பது அறிவுடையார் கடன். சொல்லப்போனால், குடியாதவனே தெளிந்த கண்ணோடு காண வல்லவன்.

முதற்கண் வாலையின் வினையை அறிதல் வேண்டும். நீர் 100 பாகை வெப்பத்திற் கொதிப்பது. வெறியமோ ஏறத்தாழ 78 பாகையிலேயே கொதித்து ஆவியாவது. ஆகலின் புளித்த நீர்மத்தைச் செப்புக் கலத்திலிட்டுக் காய்ச்சினால் வெறியம் முந்தி எழும். வளைந்த கழுத்தின் வழியே சென்று, குளிர்ந்து, துளித்துளியாக வடியும். முதலில் வடிவதிற் காரமும் தீநாற்றமும் மிகுதி, அது தலைவடி. இறுதியில் வடிவது கனத்துக் கசடு கலந்தது, அது கடைவடி. இவ்விரண்டையும் ஒதுக்கி, இடையில் வரும் தூய நடுவடியை மட்டும் கொள்வதே வடிப்பவன் திறம். எப்பொழுது வெட்டுவது என்பதை மூக்காலும் நாவாலும் அறிவான். அது பல்லாண்டுப் பயிற்சியால் வருவது, பாராட்டத்தக்கது.

தேறலுக்குப் பொருந்தும் இம்முறை வரலாற்றுக்குப் பொருந்துமா? பொருந்தாது. ஆயினும், பயணிகளுக்குச் சொல்லப்படும் கதையிற் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. கசப்பான தலையும் கசடான கடையும் நீக்கப்படுகின்றன. செம்பின் ஒளியும் பழத்தின் மணமும் முன்னோர் திறமையும் மட்டும் நடுவடியாகக் கிண்ணத்தில் ஊற்றப்படுகின்றன.

சின்னை எடுத்துக்கொள்க. கூலங்களிலிருந்து பெற்ற வெறியத்தைச் சூனிப்பர் என்னும் செடியின் பழத்தோடும், கொத்துமல்லி விதை, ஏலம், எலுமிச்சைத் தோல், அதிமதுரம் முதலியவற்றோடும் சேர்த்து மீண்டும் வடிப்பது அது. ஒல்லாந்தர் அதனைச் சூனிப்பரின் பெயரால் 'யெனீவர்' என்றனர். ஆங்கிலர் அச்சொல்லை வாங்கித் தம் நாவுக்கேற்பத் திரித்து, வெட்டிக் குறுக்கி, ஓரசைச் சொல்லாக்கிக்கொண்டனர். அயற்சொல்லை அயலார் ஒலித்தவாறே ஒலித்தாக வேண்டும் என்று அவர்கள் எந்நாளும் கருதியதில்லை. அதனையே 'சின்' என்று தமிழெழுத்தால் எழுதக் கண்டு நகைப்பார் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

1689இல் ஒல்லாந்து இளவரசரான வில்லியம் ஆங்கில அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே உள்நாட்டுக் கூலத்திலிருந்து சாராயம் வடிப்பதை ஊக்கும் சட்டம் பிறந்தது. பிரெஞ்சுத் தேறலின் வரவு தடுக்கப்பட்டது. நிலக்கிழார்க்குக் கூலம் விலைபோயிற்று. அரசுக்கு வரி வந்தது. இலண்டன் ஏழைக்கோ அழிவு வந்தது. தெருத்தோறும் சின் விற்றது; உணவுக்கு வழியற்றவனும் குடித்தான். 1734இல் ஒரு தாய், ஏழையர் விடுதியில் தன் இரண்டு அகவைக் குழந்தைக்கு அளித்திருந்த புத்தாடையைக் கழற்றி விற்றுச் சின் குடிப்பதற்காக அக்குழந்தையையே கொன்றாள், தூக்கிலிடப்பட்டாள். அத்தாயைத் தூக்கிலிட்ட அரசு, அவளை அந்நிலைக்கு ஆளாக்கிய வாணிகத்தை என் செய்தது? 1736இல் 50 பவுண்டு உரிமக் கட்டணம் விதித்தது. கட்டியவர் மிகச் சிலர். திருட்டு வாணிகம் பெருகிற்று. 1743இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. 1751இல் வந்த மற்றொரு சட்டத்தின் பின்னரே வெறி தணியத் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே ஓவியர் ஓகார்த்து 'சின் தெரு' என்னும் படத்தை வெளியிட்டார். குடிவெறியில் தாயொருத்தி தன் கைக்குழந்தை நழுவி விழுவதையும் உணராது கிடக்கும் காட்சி அதில் உள்ளது. இன்று அத்தேறலுக்குத் 'தாயின் கேடு' என்றொரு பட்டப்பெயர் உண்டு. அதனை நகைச்சுவையாகச் சொல்லிப் பயணியைச் சிரிக்க வைப்பதும் உண்டு. யாருடைய குழந்தை செத்ததற்கு யார் சிரிப்பது?

அண்மை வரலாற்றிலும் அறியத்தக்கது ஒன்றுண்டு. 1,800 இலிட்டருக்குக் குறைந்த வாலைக்கு உரிமம் மறுக்கும் விதி அந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. சிறியவன் வடித்தால் வரி ஏய்ப்பான் என்பது அரசின் அச்சம். பெருமுதலாளிக்கு அது மதிலாக நின்றது. சிப்சுமித்து என்னும் சிறு வடிசாலையைத் தொடங்கிய மூவர், 300 இலிட்டர் வாலையை வைத்துக்கொண்டு அலுவலரோடு வாதாடி, 2009இல் உரிமம் பெற்றனர். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின் இலண்டனில் எழுந்த முதற் சிறு செப்பு வாலைக்கூடம் என்று அது பேசப்பட்டது. மதில் ஒருமுறை பிளந்ததும் நாடெங்கும் சிறு வடிசாலைகள் எழுந்தன. கைத்தொழிலாளன் சட்டத்தோடு பொருது வென்ற இச்செய்தி எந்நாட்டார்க்கும் ஊக்கம் தருவது. ஆனால் இதற்கும் ஒரு கடைவடி உண்டு. 2016இல் அவ்வடிசாலை சண்டோரி என்னும் சப்பானியப் பெருங்குழுமத்தைச் சார்ந்த நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மதிலை இடித்தவரும் முடிவில் மாளிகைக்குள் குடிபுகுந்தனர் என்பதையும் பயணி அறிதல் வேண்டும்.

இனி இரம். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சருக்கரை எடுத்தபின் எஞ்சும் கரிய பாகைப் புளிக்கவைத்து வடிப்பது அது. பதினேழாம் நூற்றாண்டிற் பார்படோசு முதலிய மேலையிந்தியத் தீவுகளில் அத்தொழில் வளர்ந்தது. அங்குக் கரும்பை வெட்டியவர் யார்? ஆலையை உருட்டியவர் யார்? கொதிக்கும் கொப்பரையருகே இரவும் பகலும் நின்றவர் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மாந்தர். அவர் வடித்த இரமே ஆங்கிலக் கடற்படைக்கு நாட்படியாயிற்று. 1740இல் வெர்னன் என்னும் படைத்தலைவர் அதில் நீர் கலந்து தருமாறு ஆணையிட்டார். 1970 சூலை 31 வரை அப்படி வழங்கப்பட்டது. அந்நாளையும் இன்று ஒரு விழா நாள்போற் கொண்டாடுவார் உளர்.

வடிசாலையிற் சொல்லப்படாத செய்தி, அதே நகரின் கீழ்ப்பகுதியிற் கண்முன் நிற்கிறது. தேம்சு ஆற்றங்கரையில் மேலையிந்தியத் துறைகள் 1802இல் திறக்கப்பட்டன. அடிமைகளின் உழைப்பால் விளைந்த சருக்கரையும் இரமும் அங்குதான் வந்திறங்கின. அன்றைய பண்டகசாலை ஒன்றில் 2003 முதல் ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. இலண்டனும் சருக்கரையும் அடிமைமுறையும் பற்றிய காட்சிக்கூடம் அங்கு 2007இல் திறக்கப்பட்டது. அத்துறைகளைத் தோற்றுவித்தோருள் தலையாயவர் இராபர்ட்டு மில்லிகன் என்னும் வணிகர். 1809இல் அவர் இறந்தபோது யமைக்காத் தீவில் 526 அடிமைகள் அவர் உடைமையாக இருந்தனர். அவருடைய சிலை அவ்வருங்காட்சியகத்தின் முன்னே நின்றது. 2020 சூன் 9ஆம் நாள் அகற்றப்பட்டது.

அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிந்தது. இழப்பீடு வழங்கப்பட்டது, யாருக்கு? உழைத்துத் தேய்ந்த அடிமைக்கன்று. உடைமை இழந்த ஆண்டைக்கு! அத்தொகை 2 கோடிப் பவுண்டு. அதற்காக வாங்கிய கடனைப் பிரித்தானிய அரசு 2015இல்தான் தீர்த்து முடித்தது. அதுவரை அந்நாட்டில் வரி செலுத்தியவருள் அடிமைகளின் வழித்தோன்றல்களும் இருந்தனர். இலண்டனிற் குடியேறி உழைத்த ஈழத்தமிழரும் இருந்தனர்.

தமிழர்க்கு இவ்வரலாற்றில் இன்னும் நெருங்கிய பங்குண்டு. அடிமைகள் விடுதலை பெற்றதும் தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். 1838இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து பிரித்தானியக் கயானாவை அடைந்தன. அடுத்த பத்தாண்டில் சென்னைத் துறையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. மொரிசியசிலும் நாத்தாலிலும் தமிழர் வெட்டியதும் கரும்பே. கயானாவில் அன்றைய தோட்டங்களின் மர வாலைகள் இன்றும் ஒரே வடிசாலையிற் காக்கப்பட்டு வேலை செய்கின்றன. போர்ட்டு மொரான்ட்டு, என்மோர் என்று தோட்டங்களின் பெயர்களாலேயே அவை வழங்குகின்றன. குப்பிகளின் மேலும் அப்பெயர்கள் பெருமையோடு பொறிக்கப்படுகின்றன. தோட்டத்தின் பெயர் நிற்கிறது. அத்தோட்டத்தில் வெயிலில் வெந்தவன் பெயர் எந்தக் குப்பியில் உள்ளது?

"இன்று வாலையருகே நிற்கும் இளைஞன் யாரையும் அடிமை கொள்ளவில்லை, அவன்மேல் முன்னோர் பழியை ஏற்றுவது முறையா?" என்று கேட்பார் உளர். முறையன்று. அவனைக் குற்றவாளியாக்குவது இங்கு நோக்கமுமன்று. ஆனால் பழமையைச் சொல்லி விலை கூட்டுகிறவன், பழமையை முழுமையாகச் சொல்லக் கடமைப்பட்டவன். முந்நூறாண்டு மரபு என்று குப்பியில் எழுதினால், அம்முந்நூறாண்டின் கண்ணீரும் அம்மரபைச் சேர்ந்ததே. பெருமையை மட்டும் வழியுரிமையாகக் கொண்டு, பழியை ஊரார் பொருளாக விட்டுவிடுவது நேர்மையாகாது.

"ஓய்வுக்காகச் செல்பவனுக்கு இச்சுமை எதற்கு?" என்று கேட்பாரும் உளர். உண்மையை அறிவதாற் பயணம் சுவை குன்றிப்போகாது. வாலையின் செம்மையை வியப்பவன், அதனுள் ஊற்றப்பட்ட பாகு வந்த வழியையும் வினவலாம். இப்பாகு எந்நாட்டது? அக்கரும்பை இன்று வெட்டுவோர்க்குக் கூலி என்ன? இவ்வடிசாலையின் உடைமையாளர் யார்? இம்மூன்று வினாக்களைப் பணிவோடு கேட்பதற்கு எவரும் கூடுதற் கட்டணம் வாங்குவதில்லை. பயணிகள் கேட்கக் கேட்க, காட்டுவோரும் விடை தேடுவர். விடை தேடத் தொடங்கினால் கதை முழுமை பெறும்.

ஆகலின் இலண்டன் செல்லும் தமிழர் வடிசாலையைக் காண விரும்பினாற் காண்க. தொழிலாளியின் திறத்தைப் பாராட்டுக. ஆயின் அதனோடு நின்றுவிடாது, தேம்சுக் கரையிலுள்ள அப்பழைய பண்டகசாலைக்கும் சென்று வருக. அங்கு நிற்கும்போது, சென்னைத் துறையிற் கைந்நாட்டு வைத்துக் கப்பலேறி, தன் ஊரையும் மொழியையும் மீண்டும் காணாமலே கரும்புக்காட்டில் மாய்ந்துபோன தமிழன் ஒருவனை நெஞ்சில் நினைக்க. அவனை மறந்து உயர்த்தும் கிண்ணத்தில் எவ்வளவு தூய தேறல் இருந்தாலும், அஃது அரைகுறையாக வடிக்கப்பட்டதே.