அடைத்தலும் திறத்தலும்

நாட்டை அடைப்பதற்கு ஓர் ஆணை போதும். அடைத்த நாட்டைத் திறப்பதற்கு ஆணை மட்டும் போதாது. கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் வாழ்ந்தார் அனைவரும் இதனைக் கண்கூடாகக் கண்டனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் மாலை 6 மணிக்குத் தமிழகமெங்கும் 144 தடையாணை நடைமுறைக்கு வந்தது. அன்றிரவே இந்திய நாடு முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பேருந்து நின்றது, கடைத்தெரு ஓய்ந்தது, அவ்வாண்டு பிப்பிரவரி 5ஆம் நாள் குடமுழுக்குக் காண இலட்சக்கணக்கானோர் திரண்ட பெரிய கோயிலின் வாயிலும் அடைபட்டுக் கிடந்தது. அடைத்தல் ஒரே நாளில் முடிந்தது. திறத்தலோ, திறந்ததை மீண்டும் அடைத்தும் அடைத்ததை மீண்டும் திறந்தும், ஏறத்தாழ ஈராண்டு நீண்டது. அடைத்த கதையைப் பலர் எழுதிவிட்டனர். திறந்த கதையைப் பற்றியே ஈண்டுச் சில கூற விரும்புகிறேன்.

அரசினர் அந்நாளில் கையில் எடுத்த சட்டங்கள் இரண்டு. ஒன்று, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். மற்றொன்று, பம்பாயில் பிளேக்கு நோய் பரவியபோது ஆங்கில அரசினர் இயற்றிய 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பின்னது பிறந்தபோது நான்கே பிரிவுகள் உடையது. முதற்பிரிவு சட்டத்தின் பெயரைச் சொல்லும். இரண்டாவது அரசினர்க்கு அதிகாரம் தரும். மூன்றாவது மீறினோர்க்குத் தண்டனை கூறும். நான்காவது, நல்லெண்ணத்தோடு அச்சட்டப்படி ஒழுகிய அலுவலரை வழக்கினின்று காக்கும். அடைத்த கதவை எப்போது, எம்முறையில், யாரைக் கலந்து திறப்பது என்பதற்கு அந்நான்கு பிரிவுகளிலும் ஒரு சொல்லும் இல்லை. 123 ஆண்டு கழித்தும் நம்மவர்க்கு அடைக்கத் தெரிந்த அளவு திறக்கத் தெரியாமற் போனதற்கு இப்பழஞ்சட்டமே சான்றாகும்.

அடைத்த காலத்து மாவட்ட ஆட்சியினர் செய்த நன்மைகளை மறைத்தல் முறையன்று. குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கப்பட்டபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கன் வீடுதோறும் கொண்டுசென்று கொடுக்கப்பட்டது. முண்டியடித்தே பொருள் வாங்கிப் பழகிய நம்மனோர், வட்டமிட்ட இடத்தில் நின்று முறையாக வாங்கியதைக் கண்டோம். சம்பா, தாளடி அறுவடையின் கடைசி நெல் களத்திற் கிடந்த பருவம் அது. உழவுக்கு விலக்களித்தமையால் அந்நெல் வீணாகவில்லை. திருவையாற்று வாழையும் கும்பகோணத்துப் பக்கத்து வெற்றிலையும் வாங்குவாரின்றி வாடியது வேறு கதை. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் செவிலியரையும், நோயுற்றோர் தெருவிலும் நாள் தவறாது குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளரையும் எவ்வளவு புகழினும் தகும்.

குறை தொடங்கியது மக்களோடு பேசும் முறையில். ஏப்பிரல் 30ஆம் நாள் மத்திய அரசு வகுத்த பட்டியலில் தஞ்சையும் திருவாரூரும் சிவப்பு மண்டலம். அடுத்துள்ள நாகை ஆரஞ்சு. மே 18 முதல் தளர்வு பெற்ற 25 மாவட்டங்களுள் தஞ்சையும் இடம்பெற்றது. பதினெட்டு நாளில் சிவப்பு வெளுத்தது எவ்வாறு என்று ஊராரில் ஒருவர்க்கும் தெரியாது. நோய் கண்ட தெரு தகரத்தால் அடைபட்டது. தனித்திருந்தோர் வீட்டுக் கதவில் உள்ளே நுழையற்க என்னும் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அவ்வறிவிப்பைக் கண்டு அயலார் அஞ்சினர். தம் கதவிலும் அது வருமோ என்று அஞ்சிக் காய்ச்சலை மறைத்தோரும் உண்டு. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார் வள்ளுவர். தெருவுக்குத் தெரு நோய் பரவுங்கால் அந்நான்காமவன் அயல்வீட்டானே ஆவான். அவனை அச்சுறுத்தி விலக்கிவிட்டுப் பிற மூன்றைக் கொண்டு என்ன செய்வது?

மே 7ஆம் நாள் மதுக்கடைகள் திறந்தன. மறுநாளே உயர்நீதிமன்றம் அவற்றை மூடச் சொல்லிற்று. 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைக்க, 16ஆம் நாள் மீண்டும் திறந்தன. கோயில், பள்ளிவாசல், மாதாகோயில் ஆகியவற்றின் பெருவாயில்கள் திறந்தது செப்டம்பர் 1ஆம் நாள். பள்ளிக்கூடம் திறந்தது அடுத்த ஆண்டு. இவ்வரிசையைப் பற்றி யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை, வரிசையே உரைக்கும்.

இவற்றுக்கிடையே முறையாக நிகழ்ந்த திறப்பு ஒன்றுண்டு. அது மேட்டூர் அணைத் திறப்பு. குறுவைக்கு அணை திறத்தற்குரிய மரபு நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் அந்நாளில் அணை திறக்க இயலவில்லை. 2020இல் 120 அடி அணையில் 100 அடிக்கு மேல் நீர் நின்றது. அந்நாளிலேயே திறக்கப்படும் என்று மே மாதத்திலேயே அறிவித்தனர். அறிவிப்பைக் கேட்ட உழவர் விதைநெல் தேடினர், நாற்றங்கால் விட்டனர். ஊரடங்கின் நடுவிலும் வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டன. ஜூன் 12இல் மேட்டூரும் 16இல் கல்லணையும் திறந்தன. பேருந்துக்கு அஞ்சியிருந்த ஊர்களில் பெண்டிர் வரிசையாக நின்று நடவு நட்டனர். குனிந்து நடுங்கால் முகக்கவசம் சேற்றில் தோயும். அதனை இடுப்பிற் செருகிக்கொண்டு நட்டனர் என்பதையும் உள்ளபடி கூறிவிடுகிறேன். பல்லாண்டுகளில் காணாத பரப்பில் அவ்வாண்டு குறுவை விளைந்தது.

இத்திறப்பில் அமைந்திருந்த முறையை நோக்குக. நாள் முன்னரே தெரிந்தது. நீர் வருமுன் வாய்க்கால் செப்பஞ் செய்யப்பட்டது. நீர் குறையுங்காலத்து ஆற்றுக்கு ஆறு முறை வைத்து விடும் வழக்கம் பொறியாளர்க்கும் உழவர்க்கும் பழகியது. எல்லாவற்றினும் மேலாக, கல்லணையில் நின்று மதகைத் தூக்குவோன் பேராவூரணியை நினைத்தாக வேண்டும். தலைமடை நிரம்பிக் கடைமடை காய்ந்தால் அதனைத் திறப்பென்று எம் நாட்டில் எவரும் ஒப்பார். (அக்குறுவை நெல் அக்டோபரில் கொள்முதல் நிலையங்களின் வாயிலில் குவிந்து மழையில் நனைந்தது. வாங்குவதற்குரிய வாய்க்காலைத் தூர்வார மறந்தனர் போலும்.)

இனிப் பள்ளிகளுக்கு வருவோம். ஊரடங்கின் கடைமடை அவையே. 2021 ஜனவரி 19இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்பிரவரி 8இல் ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளும் திறந்தன. யான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வகுப்பறைக்கு 25 பேர் என்றனர். சத்து மாத்திரை தந்தனர். வாயிலில் நெற்றிக்கு நேரே கருவி நீட்டி வெப்பம் பார்த்தனர். வகுப்பறையில் 25 என்று எண்ணியவர், அவ்வறைக்கு எம்மைக் கொணர்ந்த பேருந்தில் எண்ணவில்லை. சுற்றியுள்ள ஊர்கட்கெல்லாம் காலையில் ஒரே பேருந்து. அதில் படிக்கட்டு வரை மாணவர். எண்ணுக்கு அடங்காது வந்த பிள்ளைகளே வாயிலைக் கடந்ததும் இடைவெளி விட்டு அமர்ந்தனர். நீரைத் திறந்தனர், வாய்க்காலைப் பார்க்கவில்லை.

பிப்பிரவரி 25ஆம் நாள் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பினர் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. மகிழ்ந்தோம் என்பது உண்மை. மார்ச்சில் எம் மாவட்டத்து அம்மாபேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவியர்க்கு நோய் கண்டது. அதன்பின் தஞ்சை, கும்பகோணம் முதலிய இடங்களிலும் பள்ளிகளில் நோய் கண்டது. நாடெங்கும் செய்தித்தாள்கள் தஞ்சைப் பள்ளிகளைப் பற்றி எழுதின. பள்ளிகட்கு அபராதம் விதிக்கப்பட்டது. மார்ச்சு 22 முதல் அம்மூன்று வகுப்புகளும் தமிழகமெங்கும் மூடப்பட்டன. ஏப்பிரல் 6ஆம் நாள் சட்டமன்றத் தேர்தல். எம் பள்ளி மூடிய அவ்வாரத்தில் திடல்களில் தேர்தற் கூட்டங்கள் தடையின்றி நிகழ்ந்தன. ஒலிபெருக்கியின் ஓசை பூட்டிய வகுப்பறை வரை எட்டியது. கட்சி யாதாயினும் ஆகுக. குற்றம் ஒரு கட்சியினது அன்று. எதனை முதலில் மூடுவது என்ற கேள்வி எழுந்தபோதும் சிறுவரே கடைமடையராயினர் என்பதே யான் கூறுவது. அம்மாபேட்டைச் சிறுமியர் மீது அன்று வீசப்பட்ட சொற்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு வேகும். நோயைப் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொணர்ந்தவர் என்று அவரைப் பழித்தோர், வீட்டிலிருந்தும் பேருந்திலிருந்தும் அது பள்ளிக்கு வந்திருக்கக் கூடும் என்று எண்ணிற்றிலர்.

எமக்கு அடுத்த முறை பள்ளி திறந்தது செப்டம்பர் 1ஆம் நாள்; தொடக்க, நடுநிலை வகுப்பினர்க்கு நவம்பர் 1ஆம் நாள். முதல் வகுப்பிற் சேர வேண்டிய குழந்தை ஒன்று, ஒரு நாளும் பள்ளியைக் காணாமலே இரண்டாம் வகுப்பினது ஆயிற்று. இடைக்காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடம் ஒளிபரப்பியது. கைப்பேசியிலும் பாடம் வந்தது. ஆனால் நடவுக்குச் செல்லும் தாயின் வீட்டில் கைப்பேசி ஒன்றே. அது தாயோடு வயலுக்குச் செல்லும், அல்லது தந்தையோடு கூலிக்குச் செல்லும்.

நோயின் போக்கை யாரறிவார். நாள் குறித்துத் திறப்பது எங்ஙனம் இயலும் என்று வினவுவோர் உளர். நேரிய வினாவே. ஆயின் காவிரியின் போக்கையும் யாரும் அறியார். எட்டாண்டுகள் ஜூன் 12 பொய்த்தது. எனினும் அவ்வெட்டாண்டும் உழவர் இருளில் இருந்திலர். மேட்டூரின் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கனஅடி என்பது நாள்தோறும் செய்தித்தாளில் வரும். எழுத்தறியாத முதியோரும் தேநீர்க் கடையில் அதனைக் கேட்டறிவர். எத்தனை அடி ஆனால் திறப்பர் என்பதும் அவர்க்குத் தெரியும். அணை திறவாத ஆண்டிலும் திறவாமைக்குக் காரணம் அவர் கையில் இருந்தது. கொள்ளைநோயிலும் மாவட்டவாரியாக நாள்தோறும் எண்ணிக்கை வெளிவந்தது. எந்த எண்ணுக்குக் குறைந்தால் பள்ளி திறக்கும், எதனைக் கடந்தால் கூட்டம் நிற்கும் என்பதை ஒருவரும் கூறிலர். அளவுகோல் இருந்தது, அதில் கோடுகள் இல்லை. ஆகையால் ஆணை வரும் மாலைதோறும் மக்கள் தொலைக்காட்சி முன் அமர்ந்து, திருவுளச்சீட்டுப் பார்ப்பாரைப் போலக் காத்திருந்தனர். மண்டலத்துக்குள் பேருந்து ஜூன் 1இல் ஓடியது, ஜூலையில் நின்றது, மாவட்ட எல்லையைக் கடக்க வேண்டிய இ-பாஸ் ஆகஸ்டு இறுதி வரை இருந்து செப்டம்பரில் நீங்கியது. தம் தாயின் சாவுக்குச் செல்லவும் கணினியில் விண்ணப்பித்தவர் எம் தெருவிலேயே உண்டு. ஏன் என்பதை அறிந்தால் மனிதன் பெருந்துன்பத்தையும் பொறுப்பான். அறியாதவழி சிறிய தடையையும் ஏய்க்கவே வழி தேடுவான்.

ஆணையினும் வாக்கு வலிது என்பதற்குத் தஞ்சை வரலாற்றிலேயே சான்றுண்டு. 1781ஆம் ஆண்டளவில் ஐதர் அலியின் படையெடுப்பால் இந்நாடு பாழ்பட்டபோது, தஞ்சைக் கோட்டைக்குள் பசி மிக்கது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதனைச் சுமந்து வர மாடுகள் கிடைத்தில. முன்னர்க் கொடுத்ததற்குப் பணம் பெறாது ஏமாந்த குடிகள், எவர் ஆணைக்கும் அசைந்திலர். அப்போது மிஷனெரியாகிய சுவார்ட்சு ஐயர், பணத்துக்குத் தாம் பொறுப்பென்று வாக்களித்தார். இரண்டொரு நாளில் மாடுகள் வந்தன, நெல்லும் வந்தது, பேசிய பணமும் பேசியபடி கொடுக்கப்பட்டது. சுவார்ட்சு கையில் படையில்லை, சட்டமும் இல்லை. சொன்னதைச் செய்வார் என்று முன்னமே குடிகள் கண்டிருந்தனர், அவ்வளவே.

அங்ஙனம் முன்னமே காண்பதற்கு இக்காலத்தில் இடமுண்டா எனின், ஓரிடம் உண்டு. மாவட்ட ஆட்சித்தலைவர் அலுவலகத்தில் திங்கள்தோறும் உழவர் குறைதீர்க்கும் கூட்டம் நடைபெறும். கலெக்டரை எதிரில் வைத்துக்கொண்டு உரமில்லை, வாய்க்கால் அடைந்தது, கொள்முதலில் மூட்டைக்கு இவ்வளவு கேட்கிறார்கள் என்று உழவர் உரக்கச் சொல்வதும், உரிய அலுவலர் எழுந்து விடை கூறுவதும் அங்கு வழக்கம். விடைகள் யாவும் உண்மை என்று யான் சொல்லவில்லை. விடை கூற எழுந்தாக வேண்டும் என்பதே அக்கூட்டத்தின் பெருமை. கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளி திறக்குமுன் அத்தகைய கூட்டம் ஒன்று கூடியிருந்தால், பெற்றோர், ஆசிரியர், சுகாதார ஆய்வாளர், பேருந்து நடத்துநர் ஆகியோர் ஒரே அறையில் இருந்திருப்பர். காலை ஏழரைப் பேருந்தைப் பற்றி அந்நடத்துநர் ஒருவரே போதிய அளவு கூறியிருப்பார். கூடுதற் பேருந்து ஒன்றுக்கு ஆகும் செலவு, பின்னர் விதித்த அபராதத்தினும் மிகுதியாயிருக்குமோ என்பதைக் கணித மாணவர் எவரேனும் கணக்கிட்டுச் சொல்லலாம்.

அடுத்த கொள்ளைநோய் வருமுன் செய்யத்தக்க எளிய பணி ஒன்றும் உண்டு. எம் கல்லூரியின் பழைய மாணவருள் கிராம நிர்வாக அலுவலராகவும், வட்டாட்சியராகவும், தலைமையாசிரியராகவும், மருத்துவமனை ஊழியராகவும் அவ்விரண்டு ஆண்டுகளைக் கடந்தோர் பலர். எந்த ஆணை எப்போது தம் கைக்கு வந்தது, அதனைத் தம் ஊரில் எவ்வாறு நிறைவேற்றினர், எங்கு வளைத்தனர், யார் பள்ளிக்குத் திரும்பவேயில்லை என்பன அவர்தம் நினைவிலும் பழைய வருகைப் பதிவேடுகளிலும் கிடக்கின்றன. பதிவேடு கறையானுக்கு இரையாகுமுன் அவர்கள் எழுதி அனுப்பினால், அடுத்த ஆண்டு மலரில் இடம் தர ஆசிரியர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன். பக்கம் போதாதெனின் என் கட்டுரையை நீக்கிவிடலாம்.