இருமல் மருந்தும் ஒரு மருந்தே

நோயாளிகளை வீடு தேடிச் சென்று காணும் கள ஊழியர், ‘என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று வினவினால், டாக்டர் சீட்டில் எழுதித் தந்த மாத்திரைகளே விடையில் வரும். அலமாரியில் இருக்கும் இருமல் மருந்துப் புட்டி அவ்விடையில் இடம்பெறாது. ‘டானிக்’ என்று அழைத்துப் பழகியமையால் அதனை மருந்தென்றே பலர் கருதுவதில்லை. இதற்கு மக்களை நொந்து பயனில்லை. கேள்வியைத் திருத்திக்கொள்வதே முறை.

புட்டியினுள் இருப்பது பெரும்பாலும் ஒரே பொருளன்று. சளி, தும்மலைத் தணிக்கச் சேர்க்கும் க்ளோர்பெனிராமைன் உறக்கத்தை வருவிப்பது. வலிப்பு நோய்க்குப் பினோபார்பிட்டோன் உண்பவர் அதனையும் அருந்தின் மயக்கம் மிகும். உடன் கோடீனும் இருப்பின் மூச்சே தளர்ந்துவிடக் கூடும். மூக்கடைப்புக்கான பீனைலெப்ரின் இரத்த அழுத்தத்தை உயர்த்தக் கூடியது. அழுத்தத்தைத் தணிக்கக் காலையில் உண்ட மாத்திரைக்கு மாலையில் அருந்தும் மருந்து பகையாகிறது.

இவற்றினும் கருதத்தக்கது காசநோயாளர் நிலை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இன்று தரப்படும் மருந்துகளுள் லினிஸோலிட் ஒன்று. உடலில் செரட்டோனின் என்னும் பொருளைச் சிதைக்கும் நொதியை அது ஓரளவு தடுக்கிறது. இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனோ அதே செரட்டோனினைப் பெருக்கும் இயல்பினது. இரண்டும் கூடினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, மனக்குழப்பம், கடுங்காய்ச்சல் ஆகியவை தோன்றக் கூடும். அக்காய்ச்சலை நோயின் காய்ச்சலென்று எண்ணிவிடுவது எளிது. ஆபத்து அங்கேதான் உள்ளது. இருமல் மிக உடைய இந்நோயாளரே இருமல் மருந்தை நாடக் கூடியவர் அன்றோ! இத்தகைய குறிகள் கண்டவிடத்து உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். டாக்டரைக் கேளாமல் நிறுத்தத்தக்கது இருமல் மருந்தேயன்றி, காசநோய் மருந்தன்று.

கள ஊழியருக்கு இருக்கும் பளுவில் மருந்தாளர் வேலையும் சேர்வதா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும், எது எதனோடு சேரலாகாது என்று தீர்ப்பது டாக்டர் பொறுப்பு. கேட்பதும் குறிப்பதுமே ஊழியர் பொறுப்பு. நோயாளியின் அட்டையில், கடையில் தாமாக வாங்கிய மருந்துகளுக்கென ஒரு வரி ஒதுக்கினாற் போதும். அவ்வரி இல்லாத அட்டை அரைகுறை அட்டையே.

புட்டியின் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் உள்ளது. கிராமத்தில் அதனைப் படித்துச் சொல்ல வல்லவர் பல இடங்களில் பள்ளி ஆசிரியரே. பெரிதாக அச்சிட்ட வாணிபப் பெயர் இங்கு உதவாது. அதன்கீழ்ச் சிறிதாகக் காணும் சேர்மானப் பெயர்களையே டாக்டர் சீட்டின் பின்புறம் எழுதித் தருதல் நலம். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்திருப்பதாகத் தெரிந்தால், மற்றொரு புட்டி வாங்குமுன் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவதே ஏற்றது.