கேமுக்குள்ளே கிடக்கிற 'குப்பை'யை ஏன் தூக்கி எறியக் கூடாது?

குழந்தைகளின் பழைய வீடியோ கேம்களைப் பற்றி ஒரு நீள இழை.

"டாக்டர் வீடியோ கேம் பத்தி எழுதினா கண்ணு கெட்டுப்போகும், கழுத்து வலிக்கும்னுதானே சொல்லுவாரு?" என்று நினைத்திருப்பீர்கள். இன்று அது இல்லை.

இன்று பேசப்போவது, அந்த கேம்களுக்கு உள்ளேயே யாரும் விளையாடாமல் கிடக்கும் பகுதிகளைப் பற்றி.

சினிமாவில் எடிட்டிங்கில் வெட்டிய காட்சி தியேட்டருக்கு வராது. ஆனால் கேமில் வெட்டிய கட்டம், பாட்டு, வில்லன் எல்லாம் பல சமயம் கேசட்டுக்குள்ளேயே நம் வீட்டுக்கு வந்துவிடும். போய்ச் சேரும் வழியைத்தான் அடைத்திருப்பார்கள். சரக்கு உள்ளேயே இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் குப்பை என்று ஒதுக்கக் கூடாது. பழைய கேம்களைப் பத்திரப்படுத்தவும், திறந்து ஆராயவும், தூரத்தில் இருக்கும் ஆய்வாளருக்குக் காட்டவும் நூலகங்களுக்கு உரிமை வேண்டும். இன்றைக்கு அந்த உரிமை அரைகுறையாகத்தான் இருக்கிறது.

ஏன் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? மூன்று கேம்களைப் பார்த்துவிட்டு வருவோம்.

முதலாவது, 1980இல் அடாரி நிறுவனம் வெளியிட்ட 'அட்வென்ச்சர்'. கோட்டை, டிராகன், சாவி, வாள். தொலைந்த கிண்ணத்தைத் தேடிக் கொண்டுவர வேண்டும். மொத்த கேமும் வெறும் 4 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படத்தை விடச் சின்னது.

அதை எழுதியவர் வாரன் ராபினெட். அந்தக் காலத்து அடாரியில் கேம் எழுதியவர் பெயரை அட்டைப்பெட்டியில் போட மாட்டார்கள். விற்பனையில் பங்கும் கிடையாது. சம்பளம் மட்டும்தான்.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கருப்புக் கோட்டைக்குள் பின்னணி நிறத்திலேயே ஒரே ஒரு புள்ளியை ஒளித்து வைத்தார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் சுவரைத் தாண்டி ஒரு ரகசிய அறைக்குள் நுழையலாம். இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்று அங்கே எழுதியிருக்கும்.

கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த ஒரு சிறுவன் அறையைக் கண்டுபிடித்து அடாரிக்குக் கடிதம் போட்டபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அதை எடுத்துவிட்டு சிப்பைத் திரும்பத் தயாரிக்க ஆகும் செலவை யோசித்து அப்படியே விட்டுவிட்டார்கள். 'ஈஸ்டர் எக்' என்ற பெயர் கேம் உலகத்தில் ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

ஒரு தொழிலாளியின் கையெழுத்து அது. பெட்டி மேல் இல்லாத பெயர் கேமின் உள்ளே இருந்தது.

இரண்டாவது, சேகாவின் 'சோனிக் 2'. 1992. அதுதாங்க, அந்த நீல முள்ளெலி. கேம் வெளிவருவதற்கு முன்பே 'ஹிட்டன் பேலஸ்' என்ற கட்டத்தின் படங்கள் பத்திரிகைகளில் வந்துவிட்டன. பசங்க ஆசையாகக் காத்திருந்தார்கள். கேம் வந்தது, கட்டத்தைக் காணோம்.

ஆனால் கேசட்டுக்குள் அதன் மிச்சம் மீதி இருந்தது. அதற்காகப் போட்ட இசை, சவுண்ட் டெஸ்ட் என்ற மெனுவில் 10ஆம் எண்ணில் அப்படியே கிடந்தது. கேமில் எங்கேயும் வராத பாட்டு! இது எந்த இடத்துக்கான பாட்டு என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

21 வருடம் கழித்து, 2013இல் மொபைலுக்காக அந்த கேமைத் திரும்ப உருவாக்கியபோது அந்தக் கட்டம் முழுதாக வந்தது. எந்த வழியாகத் தெரியுமா? 'மிஸ்டிக் கேவ்' கட்டத்தில் ஒரு பள்ளம் உண்டு. உள்ளே முழுக்க முள். விழுந்தால் மேலே ஏறவே முடியாது. இத்தனை வருடம் பிள்ளைகள் விழுந்து உயிர் விட்ட அந்தப் பள்ளத்தையே வாசலாக்கிவிட்டார்கள்.

மூன்றாவது, நின்டெண்டோவின் 'செல்டா: ஒக்காரினா ஆஃப் டைம்'. 1998. லிங்க் என்ற சிறுவன் காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் சாகசக் கதை. காடும் கோயிலும் குதிரையும் நிறைந்த அந்த உலகத்தின் கோப்புகளுக்குள் ஒரு விண்வெளி விமானம் இருக்கிறது. 'ஸ்டார் ஃபாக்ஸ் 64' என்ற வேறொரு கேமில் பறப்பது. ஏமாற்றுக் குறியீடு போட்டு எழுப்பிவிட்டால் வானத்தில் சுற்றி வந்து லிங்கைச் சுடுகிறது!

இன்னொன்றும் உண்டு. '64டிடி' என்ற டிஸ்க் கருவியைத் தேடிப் பார்க்கும் நிரலும் அதே கேசட்டில் இருக்கிறது. அந்தக் கருவி 1999 டிசம்பரில் ஜப்பானில் மட்டும் வந்து, விலை போகாமல் படுத்துவிட்டது. இந்த கேமுக்காகத் திட்டமிட்ட டிஸ்க் வரவே இல்லை. ஆனாலும் கேசட் மட்டும் வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைத்த வீடு மாதிரி இன்றைக்கும் காத்திருக்கிறது.

சரி, வேண்டாததை ஏன் அழிக்காமல் விடுகிறார்கள்? சோம்பேறித்தனமா?

இல்லை. வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது ஒன்றைப் பிடுங்கினால் அதோடு சேர்ந்த இன்னொன்று உடையலாம். அதனால் கதவை மட்டும் சாத்திவிட்டு அறையை விட்டுவிடுகிறார்கள். எங்கள் சர்ஜன்களும் இதைத்தான் சொல்வார்கள். தொந்தரவு தராத இடத்தில் அநாவசியமாகக் கத்தி வைக்காதே!

இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன். பயனில்லாதது என்று அவசரமாக முத்திரை குத்தி மருத்துவம் கொடுத்த விலை ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டால் நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று புரியும்.

நெஞ்சுக்கூட்டுக்குள், இதயத்துக்கு மேலே, தைமஸ் என்று ஒரு சுரப்பி. குழந்தைகளுக்குப் பெரிதாக இருக்கும், வளர வளரச் சுருங்கும். எதற்கு இருக்கிறது என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் உடற்கூறு படிக்கக் கிடைத்தவை பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். நாள்பட்ட நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்கள். நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும். ஆக, சுருங்கிய தைமஸ்தான் 'நார்மல்' என்று புத்தகத்தில் ஏறிவிட்டது.

பிறகு, நன்றாக இருந்த குழந்தை திடீரென இறந்தால் பிரேதப் பரிசோதனையில் தைமஸ் பெரிதாகத் தெரியும். "ஆஹா, இதுதான் மூச்சுக்குழாயை அழுத்திக் கொன்றிருக்கிறது" என்றார்கள். உண்மையில் அதுதான் சரியான அளவு!

விளைவு? 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், குறிப்பாக அமெரிக்காவில், ஆரோக்கியமான கைக்குழந்தைகளின் தைமஸைச் சுருக்க எக்ஸ்ரே கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

1961இல் ஜாக் மில்லர் என்பவர், பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளின் தைமஸை எடுத்துவிட்டால் நோய் எதிர்ப்பு சக்தியே குலைகிறது என்று காட்டினார். இன்று ஊரே பேசும் 'டி செல்' இருக்கிறதே, அந்த 'டி' தைமஸின் 'டி'தான்.

பார்த்த மாதிரிகள் குறைவு. பார்த்ததும் ஒரே வகை. அதனால் எது இயல்பு என்பதே தப்பாகப் போனது.

கேமைத் தொலைத்தால் உயிர் போகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடம் ஒன்றுதான். எல்லா மாதிரிகளையும் வைத்திரு, திறந்து பார், அப்புறம் தீர்ப்புச் சொல்.

கேம் விஷயத்தில் நிலைமை என்ன?

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. நூற்றில் 13தான் காசு கொடுத்தால் கிடைக்கும்.

மிச்சமிருக்கும் பிரதிகளும் நிரந்தரம் இல்லை. சிடியின் அலுமினியப் படலம் அரித்துப்போகும். ஃப்ளாப்பியின் காந்தப் பதிவு மங்கும். பிரதி எடுக்காமல் விட்டால் காலம் அழித்துவிடும்.

விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியாகக் காட்ட நூலகங்களை அனுமதியுங்கள் என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் கேட்டார்கள். 2024 அக்டோபரில் 'முடியாது' என்று பதில் வந்தது. நூலகக் கட்டிடத்துக்கு நேரில் போனால் பார்க்கலாம். சென்னையில் உட்கார்ந்து ஆய்வு செய்பவர் விமானம் ஏற வேண்டும். நடக்கிற காரியமா இது?

கேம் நிறுவனங்களின் சங்கம் சொன்ன வாதம்: ஆய்வு என்ற பெயரில் எல்லோரும் இலவசமாக விளையாடுவார்கள், நாங்கள் மறுவெளியீடு செய்யும்போது சந்தை போய்விடும். அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு, அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் கேட்ட அனுமதி, கடையில் கிடைக்காத கேம்களுக்கு மட்டும்தானே? விற்கிற பொருளை யாரும் கேட்கவில்லையே!

"அதான் மறுவெளியீடு பண்றாங்களே, அது போதாதா?"

போதாது. அதே செல்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த கேசட்டில் நெருப்புக் கோயில் கட்டத்தின் பின்னணியில் ஓதுவது போன்ற குரல்கள் கேட்கும். கடைசி வில்லனின் ரத்தம் சிவப்பாக இருக்கும். பின்னால் வந்த பதிப்பில் குரல்களை எடுத்துவிட்டார்கள், ரத்தம் பச்சையானது. மாற்றியது அவர்கள் உரிமை. ஆனால் எது மாறியது என்று தெரிந்துகொள்ளப் பழைய பிரதி எங்கேயாவது இருக்க வேண்டும் இல்லையா? பழைய கேஸ் ஷீட்டைக் கிழித்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்திருக்கும் ஆஸ்பத்திரியை நம்புவீர்களா?

பெற்றோர்கள் கேட்கக்கூடிய இன்னொரு கேள்வி. "ஒளிஞ்சிருக்கறது ஆபாசமா இருந்தா என்ன பண்றது?"

நல்ல கேள்வி, நடந்தும் இருக்கிறது. பெரியவர்களுக்கான 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' கேமில், வழியை அடைத்து உள்ளேயே விட்டிருந்த ஒரு பாலியல் காட்சியை 2005இல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு, பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழையே மாற்றியது. டிஸ்கில் விட்டுவைக்கும் இத்தகைய மறைவான பகுதிகளையும் நிறுவனங்கள் சொல்லியாக வேண்டும் என்ற விதி வந்தது அதற்குப் பிறகுதான்.

கவனியுங்கள், விதி எப்படி வந்தது? யாரோ உள்ளே திறந்து பார்த்ததால் வந்தது. குழந்தைகளைக் காப்பாற்றுவதும் அந்தத் திறந்து பார்க்கும் பழக்கம்தான். பூட்டி வைத்திருந்தால் இன்று வரை தெரிந்திருக்காது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? என் வயதுக்காரர்கள் பலர் டிவியில் கேசட் சொருகி விளையாடிய மரியோ, தயாரித்த கம்பெனி பெயரே தெரியாத நகல் பெட்டியில் வந்தது. அந்தப் பெட்டிகளும் ஒரு வரலாறு. பரணில் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். வேண்டாம் என்றால் பழைய கேம் சேகரிப்பவர் யாரிடமாவது கொடுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. கேம் விளையாடும் பிள்ளை "இந்தச் சுவருக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று கேட்டால் "சும்மா இரு" என்று அடக்காதீர்கள். எவ்வளவு நேரம் விளையாடலாம் என்று கண்டிப்பாக வரையறை வையுங்கள். கேள்விக்கு வரையறை வைக்காதீர்கள். தைமஸ் எதற்கு என்று 1961இல் கண்டுபிடித்தவரும் கேட்டது கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

உங்கள் கருத்தையும், நீங்கள் கண்டுபிடித்த ரகசிய அறைகளையும் கமெண்ட்டில் சொல்லுங்கள். டியூட்டி முடிந்ததும் படிக்கிறேன்.