இமைமயிரும் இரு மூடத்தனங்களும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளானிலும், ஈப்போவிலும், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் உள்ள அழகு நிலையங்களில் இமைமயிர் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் இன்று சாதாரணமாகிவிட்டது. கலியாணத்திற்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும் நம் சகோதரிகள் பலர் இதைச் செய்துகொள்கின்றனர். இது குறித்து நம்மவர்க்குள் இரண்டு குரல்கள் எழுகின்றன. ஒன்று, "குடும்பப் பெண்ணுக்கு இது அடுக்குமா?" என்று ஏசும் பெரியோர் குரல். மற்றொன்று, "கண்ணை மூடிப் படுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்னும் வியாபாரிகள் குரல். பகைபோலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் ஒரே காரியத்தையே செய்கின்றன. பெண் தன் கண்ணைப் பற்றிய அறிவைப் பெறாதபடி இரண்டும் தடுக்கின்றன. ஆதலின் இரண்டையும் எதிர்ப்பது நம் கடமையாகின்றது.

முதலில் ஏசுவோரைக் கேட்போம். தலைக்கும் மீசைக்கும் சாயம் பூசி வயதை மறைக்கும் ஆடவரை எந்த மேடையில் கண்டித்தீர்கள்? பொய்ப்பல் கட்டுவதும் வழுக்கையைப் பொய்மயிரால் மூடுவதும் ஒழுக்கக் கேடாகாதபோது, பெண்ணின் இமையில் ஒட்டிய இழை மட்டும் குலத்தைக் கெடுப்பது எங்ஙனம்? கண்ணுக்கு மை தீட்டுதல் பாட்டி காலத்து வழக்கம், ஆகவே புண்ணியம். இமைமயிர் ஒட்டுதல் பேத்தி காலத்து வழக்கம், ஆகவே பாவம் என்பதே உங்கள் நியாயம் போலும்! பழைய சுர்மா வகைகள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டு சொல்லியிருக்கின்றனர். பழமை ஒன்றே ஒரு பொருளைத் தீங்கற்றதாக்கிவிடாது.

தன் உழைப்பின் கூலியைத் தன் முகத்திற்குச் செலவிடப் பெண்ணுக்கு உரிமை உண்டு. உங்கள் ஏச்சு அந்த வழக்கத்தை நிறுத்தவில்லை. வேறொரு கேட்டையே விளைவிக்கின்றது. ஒட்டிய இமை சிவந்து வீங்கினாலும், "நாங்கள் அன்றே சொல்லவில்லையா?" என்னும் சொல்லுக்கு அஞ்சி அவள் அதை வீட்டாரிடம் மறைக்கிறாள். வைத்தியரிடம் செல்லும் நாள் தள்ளிப்போகின்றது. கண்ணுக்கு வரும் கேட்டில் உங்கள் நாவிற்கும் பங்குண்டு என்பதை அறிவீர்களாக.

இனி வியாபாரிகளிடம் வருவோம். பட்டு என்றும் மிங்க் என்றும் இவர்கள் விற்கும் இழைகளில் பெரும்பாலானவை செயற்கை நாரால் ஆனவை. ஓர் இயற்கை மயிரைத் தனியே பிரித்து, இமைத்தோலில் படாமல் சற்றே விலகி, அதன்மேல் இழையைப் பசையால் ஒட்டுவதே முறையான தொழில். இரண்டு மூன்று மயிர்கள் சேர்ந்து ஒட்டிக்கொண்டால், வெவ்வேறு வேகத்தில் வளரும் அவை ஒன்றையொன்று வேரோடு இழுக்கும். இமைமயிர் தன் காலம் முடிந்ததும் தானே உதிர்வது இயற்கை. உதிரும்போது ஒட்டிய இழையும் உடன் வீழ்கின்றது. இரண்டு மூன்று வாரத்திற்கொருமுறை இடைவெளியை நிரப்பச் சொல்வது இதனாலேயே.

இத்தொழிலில் வழங்கும் மூடநம்பிக்கைகளுள் தலையாயது, "ஒட்டிய இமையைக் கழுவாதே" என்பதாகும். பசை நன்கு இறுகும்வரை முதல் நாள் நீர் படாமல் காக்கச் சொல்வோர் உண்டு. அதில் நமக்கு வாதமில்லை. ஆனால் ஒரு நாளைக்குச் சொன்ன எச்சரிக்கை வாரக்கணக்கில் நீண்டு, நீர் பட்டால் காசு போயிற்று என்னும் பயமாக வளர்ந்துவிட்டது. இமையின் ஓரத்தில் எண்ணெய் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் வரிசையாக உள்ளன. அந்த எண்ணெயும், இறந்த தோலும், பூசிய மையும் கழுவப்படாமல் மயிரடியில் தங்கினால் இமை ஓரம் அழன்று சிவந்து அரிக்கும். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்களும் அங்கே பெருகும். அரிப்பைத் தாங்காமல் அவள் கண்ணைக் கசக்குகிறாள், இழைகள் விழுகின்றன, பழி நீரின்மேல் விழுகின்றது! என்ன விந்தை!

செய்ய வேண்டுவது எளிது. கையைக் கழுவிக்கொண்டு, எண்ணெய் கலவாத மென்மையான இமைக்கழுவி நுரையை மூடிய இமையின்மேல் மெல்லிய தூரிகையால் தடவி, சுத்தமான நீரால் அலசி, துணியால் ஒற்றி, சிறு தூரிகையால் சீவிவிட வேண்டும். இதை நாள்தோறும் செய்க. எண்ணெய் பசையைத் தளர்த்தக்கூடும். ஆதலின் தீபாவளி எண்ணெய் முழுக்கில் அது இமையில் இறங்காதபடி பார்த்துக்கொள்வது நலம். இழையைக் கையால் பிடுங்குதல் கூடவே கூடாது. பிடுங்கினால் சொந்த மயிரும் உடன் வரும். நீக்க வேண்டின் பயின்றவரிடமே செல்க.

அடுத்தது பசை. இது சயனோஅக்ரிலேட் என்னும் இரசாயனம். 1942 இல் அமெரிக்காவின் கோடாக் கம்பெனியார் துப்பாக்கிக் குறிக்கண்ணாடிக்குப் பொருள் தேடியபோது தற்செயலாகக் கண்ட இனம். 1958 இல் கடைக்கு வந்தது. இதன் ஆவி கண்ணை எரிக்கும்; சிலருடைய உடலுக்கு இது ஒவ்வாது. எனவே ஓரிரு நாள் முன்னதாகச் சிறிதளவு இட்டுச் சோதித்துப் பார்ப்பது அவசியம். இதை எழுதுபவன் தோட்டத்துக் கிராணி. எங்கள் கிடங்கில் களைக்கொல்லி வந்தால், அதன் பெயரையும் அபாயத்தையும் ரிஜிஸ்தரில் பதிய வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டு மலேசிய விதிகள் கட்டளையிடுகின்றன. புல்லின்மேல் தெளிக்கும் மருந்துக்கு இத்தனை காவல்! கருவிழிக்கு நெல்லளவு தூரத்தில் வைக்கும் பசையின் பெயரைக் கேட்டால் மட்டும், "அது தொழில் இரகசியம்" என்பதா?

சரித்திரம் நமக்கு முன்னரே பாடம் சொல்லியிருக்கின்றது. 1930களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்னும் இமைச் சாயம் விற்கப்பட்டது. அதிலிருந்த இரசாயனத்தால் பெண்கள் கண் புண்பட்டனர், பார்வை இழந்தோரும் உண்டு, உயிரிழப்பும் நேர்ந்தது. 1906 ஆம் ஆண்டுச் சட்டம் அழகுப் பொருள்களைத் தீண்டவில்லையாதலால் அரசாங்கம் கைகட்டி நின்றது. 1938 இல் புதுச் சட்டம் பிறந்த பின்னரே அச்சாயத்தைப் பறிமுதல் செய்ய முடிந்தது. ஜப்பானிலோ, இமைமயிர் ஒட்டுதல் லைசென்சு பெற்ற அழகுக் கலைஞரின் தொழிலே என்று 2008 இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவித்தது. குருடான பின் விழிப்பதா, விழி இருக்கும்போதே விழிப்பதா என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும்.

நீளத்திலும் நிதானம் தேவை. 2015 இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர் விலங்குகள் பலவற்றின் இமைமயிரை அளந்தனர். கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளமே காற்றைத் தடுத்துக் கண் உலராமல் காக்கிறது என்றும், அதற்கு மேற்பட்டால் காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிடும் என்றும் கண்டனர். நீளத்துக்கேற்பக் கூலி வாங்கும் கடைக்காரர் இதைச் சொல்லப் போவதில்லை.

ஆகவே சகோதரிகளே, ஒட்டிக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஒட்டிக்கொள்வதாயின், படுக்குமுன் கேளுங்கள்: பசையின் பெயர் யாது? சோதனை செய்தாயா? கருவியைச் சுத்தம் செய்தாயா? எங்கே பயின்றாய்? மறுமொழி சொல்லாத கடையைவிட்டு எழுந்து வாருங்கள். கண் சிவந்து வலித்தால் வெட்கத்தை விட்டு அன்றே வைத்தியரைப் பாருங்கள். வீட்டிலுள்ள ஆடவரே, அன்று ஏசாமல் வண்டியை எடுங்கள். பகுத்தறிவு பேசும் சங்கங்கள் மாதர் கூட்டங்களில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசட்டும். கேள்வி கேட்கும் பெண்ணை ஏசுவோனாலும் ஏமாற்ற முடியாது. விற்போனாலும் ஏமாற்ற முடியாது.